ஈயம் உருக்கிய மாரி

எங்கள் ஒழுங்கையில் அந்த நாளில் ஒன்றாக விளையாடிய பிள்ளைகளில் இப்போது மிச்சம் இருப்பவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஒருவர் கனடாவில், ஒருவர் மட்டக்களப்பில், இரண்டு பேர் இன்னும் அந்த ஒழுங்கையிலேயே. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவள் எப்படிச் செத்தாள் என்று உங்கள் வீடுகளில் சொன்ன கதையும் ஞாபகம் இருக்கும். மரவள்ளிக் கிழங்கு அவிக்கும்போதெல்லாம் உங்கள் அம்மாமார் எங்கள் வீட்டைச் சொல்லித்தானே இஞ்சியை எட்ட வைத்தார்கள்.

வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய் மூன்று நாலு வருசம் ஆகியிருந்தது. அப்பா அவர்களின் பட்டறையில் மெசின் பூட்டித் திருத்துகிற பிற்றராக இருந்தவர். கப்பல்கள் போனதோடு வேலையும் போனது. ஆனால் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. மணிக்கூடு, மண்ணெண்ணெய் அடுப்பு, தையல் மெசின், பள்ளிக்கூடத்து மணியின் நாக்கு என்று எது பழுதானாலும் எங்கள் வீட்டுக்கு வரும். விறாந்தையில் சாக்கை விரித்து, கழற்றிய ஆணிகளைச் சிரட்டைகளில் பிரித்துப் போட்டு, நானும் தங்கச்சியும் பக்கத்தில் குந்தியிருக்க, அவர் வேலை செய்வார். எதையாவது திருத்தி முடித்தால் உடனே கொடுத்து அனுப்பமாட்டார். அரை மணித்தியாலம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஓடுகிற சத்தம் அவருக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி.

அம்மா கட்டைபறிச்சான்காரி. குடாவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அவவின் அண்ணன் மூதூர் லோஞ்சுப் படகில் சாக்கு நிறைய மரவள்ளிக் கிழங்கு அனுப்புவார். கூப்பனுக்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசி போதாத வீட்டில் அந்தச் சாக்குத்தான் எங்களைக் காப்பாற்றியது. அம்மா அதை ஒரே மாதிரிச் சமைத்து நான் கண்டதில்லை. ஒரு நாள் உப்புப் போட்டு அவித்து, உரலில் இடித்த செத்தல் மிளகாய்ச் சம்பலோடு. ஒரு நாள் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டுக் குழையக் குழையக் கறியாக. காயவைத்து இடித்த மாவில் புட்டு. கிழங்கின் நடுவில் இருக்கும் நாரை உருவி எடுக்கும் வேலை எனக்கு. முழுசாக ஒரே இழுப்பில் வந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு. மழை தகரத்தில் விழும்போது சூடான கிழங்கைக் கையில் உருட்டிக்கொண்டு ஊதி ஊதித் தின்றது போல ஒரு சுகம் பிறகு எனக்கு எந்தச் சாப்பாட்டிலும் வாய்க்கவில்லை.

அந்த வருசம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வாடைக் காற்றுக்கு வெளிக்கடல் கொந்தளித்தது. உள்துறைமுகத்திலும் களப்பிலும் வீச்சுவலை போடுகிறவர்களுக்குத்தான் மீன். அப்படியான ஒருவர் கிண்ணியாவில் இருந்து வந்தார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைச் சொல்லுகிற மாதிரி நாங்களும் அவரை நானா என்று கூப்பிட்டோம். ஈரச் சாரத்தோடு விறாந்தையில் நின்று அப்பாவிடம் கேட்டார்.

"வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு ஒரு கடையிலயும் இல்ல. நீங்க உருக்கித் தந்தீங்கெண்டா எங்கட ஊரில எல்லாரும் எடுப்பாங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. ஈயம் எங்கே கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் பின்னால் பற்றைக்குள் பழைய பற்றறிகள், மின்கலப் பெட்டிகள், எறியப்பட்டுக் கிடந்தன. கப்பலில் பாவித்தவை, ஒரு ஆள் தனியே தூக்கத் திணறுபவை. ஒவ்வொன்றாகச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். பின்வளவில் முருங்கை மரத்தடியில், நாலு தடியில் தகரம் போட்டு, அதன்கீழ் இருந்து சுத்தியலால் உடைத்தார். உள்ளே இருந்து சாம்பல் நிறத் தகடுகளும், மண்ணிறமும் வெள்ளையுமாக மாவும் வந்தன. தகடுகளை நாங்கள் வாளித் தண்ணீரில் கழுவிக் கொடுத்தோம். மா மழையில் கரைந்து வளவெல்லாம் ஓடியது. காய்ந்த இடங்களில் வெறும் காலோடு ஓடினால் பாதம் வெள்ளையாகும். அந்தக் காலோடுதான் குசினிக்குள்ளும் போவோம்.

வெளியே ஈர விறகு பிடிக்காது. அதனால் உருக்குவது குசினி அடுப்பில். அம்மா முதல் நாளே மறுத்தா.

"பிள்ளையள் சாப்பிடச் சமைக்கிற அடுப்பு. வேற இடம் பாருங்கோவன்."

"ஈயத்துக்கு என்ன?" என்றார் அப்பா. "சோறு காய்ச்சுற பித்தளைச் சட்டிக்கு வருசா வருசம் ஈயம் பூசுவிக்கிறீர்தானே. அதே ஈயம்தான்."

அம்மா சோற்றுச் சட்டியை இறக்கி அடுப்பை விட்டுக்கொடுத்தா. எங்கள் வாயில் இரண்டும் ஈயம். சட்டிக்குப் பூசுவது வெள்ளீயம், வலைக்குக் கட்டுவது காரீயம் என்று பிரித்துச் சொல்ல அந்தக் குசினியில் ஒருவரும் இருக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு இறக்கியவுடன் அதே நெருப்பில் இரும்புச் சட்டி ஏறும். தகடு முதலில் ஒன்றும் செய்யாது. பிறகு ஓரத்தில் வியர்ப்பது போல ஒரு மினுக்கம். திடீரென்று முழுவதும் சரிந்து வெள்ளித் தண்ணீர் ஆகிவிடும். மேலே பாலாடை மாதிரிப் படரும் கசட்டை அப்பா கரண்டியால் ஒதுக்குவார். அதற்குக் கீழே தெரியும் அந்தப் பளபளப்பில் எங்கள் முகம் தெரியும். செங்கல்லில் குடைந்த அச்சுக்குள் அதை ஊற்றுவார். சுர் என்று ஒரு சத்தம். கறிவேப்பிலை தாளித்த வாசத்தோடு தொண்டையில் ஒட்டுகிற ஒரு புகை மணம் கலந்து குசினியில் நிற்கும். அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. அந்த மாரியில் எங்கள் வீட்டில் எல்லாரும் சந்தோசமாக இருந்தோம்.

தங்கச்சிக்கு ஆறு வயது. எதையும் கூர்ந்து பார்க்கிற பிள்ளை. முதல் மழைக்கு வருகிற சிவப்புத் தம்பளப்பூச்சியை நெருப்புப்பெட்டிக்குள் வைத்து, அது எத்தனை தரம் காலை மடக்குகிறது என்று சொல்லுவாள். கோட்டைப் பக்கத்தில் இருந்து றோட்டுக்கு வரும் மான்களில் ஒன்றுக்குக் காது கிழிந்திருப்பதை அவள்தான் முதலில் கண்டாள். அச்சில் இருந்து எடுத்த குண்டுகளில் ஓரம் கூராக நிற்கும். வலை நூலை அது அறுத்துப்போடும். அந்த ஓரத்தைப் பல்லால் கடித்து மட்டப்படுத்தலாம் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஈயம் மெத்தென்று இருக்கும். ஒரு நாள் முழுக்க ஒரு கூடைக் குண்டு கடிப்பாள்.

"அரம் தேவையில்லை, எங்கட வீட்டில எலிக்குஞ்சு இருக்கு," என்று அப்பா நானாவிடம் பெருமையாகச் சொன்னார். நானா சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இனிக்குது அக்கா," என்று ஒருநாள் சொன்னாள். நானும் ஒன்றை நக்கிப் பார்த்தேன். லேசாக இனித்தது.

கார்த்திகையில் இரண்டு கோழி தலை தொங்கிச் செத்தன. வாடைக்குக் கோழி சாகிறது வழக்கம் என்று அம்மா புதைத்தா. தங்கச்சி சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினாள். வயிறு பிடித்து இழுக்கிறது என்று சுருண்டு படுத்தாள். பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டு தரம் கொடுத்தார்கள். படிக்கட்டில் இல்லாத இடத்தில் கால் வைத்து விழுந்தாள். சும்மா இருந்தபடி அழுதாள், கேட்டால் என்னைக் கடித்தாள். அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, இரண்டு வீடு தள்ளி இருந்தவ. வந்து பார்த்துவிட்டு, "செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டியள். ரெண்டு அடி போட்டால் எழும்பி ஓடுவாள்," என்று அம்மாவுக்குச் சொன்னா. அம்மா அடித்தா. ஒரே ஒரு நாள்தான். அந்த அடியின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, அம்மாவுக்கு எவ்வளவு கேட்டிருக்கும்.

தங்கச்சியின் பல்லடி முரசில் ஒரு நீலக் கோடு ஓடியிருந்ததை நான் கண்டேன். அவள் சிலேட்டுப் பென்சில் சூப்புகிறவள். அதன் கறை என்று வாயைக் கொப்புளிக்கச் சொன்னேன். போகவில்லை. விட்டுவிட்டேன்.

அந்த நாளைச் சொல்கிறேன்.

காலையிலிருந்து மழை விடவில்லை. அம்மா கிழங்கு அவித்து மூடி வைத்துவிட்டு, கூப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போனா. அப்பா பின்வளவில் தகரத்தின்கீழ் உடைத்துக்கொண்டிருந்தார். "தங்கச்சிக்கு ரெண்டு துண்டெண்டாலும் தீத்து பிள்ள," என்று அம்மா சொல்லிவிட்டுப் போனா. கதை சொல்லி, கெஞ்சி, இரண்டு துண்டு வாயில் வைத்துத் தீத்தினேன். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினாள்.

எனக்குப் பதினொரு வயது. வயிற்றுக்குத்து என்றால் அம்மா இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படியே செய்தேன். அம்மியில் இஞ்சியைத் தட்டி, அவித்து, பனங்கட்டி போட்டு, ஆற்றி, மடியில் சாய்த்து வைத்துப் பருக்கினேன். முழுக்கக் குடித்தாள். அவள் எதையும் முழுக்கக் குடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

குடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் கண் மேலே போனது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் கத்திய கத்தலில் அப்பா ஓடிவந்தார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவருடைய கையில் இருந்த அந்த வெள்ளை மா அவள் சட்டையில் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.

அம்மாவும் மாமியும் பின்னாலே போனார்கள். அடுத்த நாள் காலையில் தங்கச்சி செத்துப்போனாள்.

அங்கே நடந்ததை மாமிதான் எல்லாருக்கும் சொன்னா. இளம் டொக்டர், தமிழ் சரியாகத் தெரியாதவர். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டிருக்கிறார். கிழங்கு என்றிருக்கிறார்கள். மற்றவர்களும் தின்றார்களா, அவர்களுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டிருக்கிறார். தின்றோம், ஒன்றும் இல்லை என்றதும், கிழங்கென்றால் எல்லாருக்கும் வந்திருக்கும், இது வேறு எதுவோ என்று தலையை ஆட்டியிருக்கிறார். "அந்தாளுக்கு எங்கட சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும்," என்றா மாமி. அந்த நாளில் சரியான கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்தான். ஒருவரும் அவர் சொன்னதை எடுக்கவில்லை.

செத்தவீட்டுச் சனம் வளவு நிறைய நின்றது. மாமி குசினிக்குள் தண்ணீர் எடுக்கப் போனவ, அம்மிக்கு முன்னால் நின்றுவிட்டா. அம்மியில் இஞ்சித் தோலும் நாரும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"இதென்ன இது?" என்றா. குரல் வெளியே கேட்டது. "கிழங்கு தின்ட பிள்ளைக்கு ஆர் இஞ்சி குடுத்தது?"

மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு என்பது நீங்கள், நான், நாங்கள் எல்லாரும் நடக்கத் தொடங்கும் முன்னமே கேட்ட கதை. நானும் கேட்டவள்தான். அந்த அவசரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது வந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தங்கச்சியின் தலைமாட்டில் இருந்து எழும்பி வந்தா. அம்மியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. ஒரு விநாடிதான்.

"நான்தான் குடுத்தனான்," என்றா.

இஞ்சி அவித்த நேரம் அம்மா சங்கக்கடையில் நின்றது எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. மாமி தலையில் அடித்துக்கொண்டா. அப்பா விறாந்தையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். எழும்பி வந்து ஒரு சொல் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கள் வீட்டில் வாய் நனைக்கவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் நாள் செலவுச் சடங்குக்குச் சமைக்க மாமி வேறு ஆட்களைக் கூப்பிட்டா. அம்மா தன்னுடைய குசினிக்கு வெளியே ஒரு மூலையில் இருந்தா. கிண்ணியா நானா மட்டும் ஒரு கிழமை கழித்து வந்தார். குண்டு கேட்கவில்லை. விறாந்தையில் வந்து இருந்தார். பிறகு, "தங்கச்சி, ஒரு தேத்தண்ணி தாங்க," என்று அம்மாவிடம் கேட்டு வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா அதோடு ஈயம் உருக்கவில்லை. கை போகவில்லை என்றார். கிடந்த பற்றறிகளை ஒரு வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். தை பிறந்து கந்தளாயில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. சனிக்கிழமை வருவார், ஞாயிறு போவார். அம்மா வைக்கிற சோற்றை ஒன்றும் பேசாமல் தின்பார். முந்தி ஒவ்வொரு கறிக்கும் ஒரு கதை சொல்லுகிற மனிதர். கிழங்குச் சாக்கு வருவதை அம்மாவே நிறுத்திவிட்டா. உப்பும் புளியும் சரியாக இருக்கும், ஆனால் எதையும் புதிதாகச் செய்து பார்க்கிற அந்த விளையாட்டு அவவின் கையை விட்டுப் போய்விட்டது. எனக்கும் அந்த மாரி முழுக்க இருந்த வயிற்று நோ மாசிக்குள் மாறியது. கிழங்கு நின்றதால் மாறியது என்று எல்லாரும் நம்பினோம்.

நானும் அம்மாவும் இஞ்சியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவ ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. ஒரு பார்வைகூட இல்லை. என் கையால் தங்கச்சி செத்தாள் என்பதை நான் ஒவ்வொரு நாளும் என்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். தாதியாகப் படிக்கப் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இருபது வருசத்துக்குக் கிட்ட ஆயிற்று. வேறொரு ஊரில், ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வாட்டில் எனக்கு வேலை. நாலு வயதுப் பிள்ளை ஒன்று வலிப்போடு வந்தது. வயிற்று நோ, சாப்பாடு இல்லை, கால் தடுமாற்றம் என்று தாய் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தேன். வயதான டொக்டர் ஒருவர் பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தகப்பனைக் கேட்டார்: "நீர் என்ன வேலை?"

கார் பற்றறி திருத்துகிற வேலை, வீட்டிலேதான் என்றான்.

டொக்டர் என்னைக் கூப்பிட்டு முரசில் இருந்த நீலக் கோட்டைக் காட்டினார். "ஈயம் உள்ளே போனால் இப்பிடித்தான். பெரிய ஆக்களுக்குச் சுணங்கித் தெரியும். பிள்ளையளை விழுத்திப்போடும்," என்றார். கிழங்கும் இஞ்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். ஒன்றும் ஆகாது என்றார்.

லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனேன். அப்பா அப்போது வேலையை விட்டு வந்து வீட்டோடு இருந்தார். முன்னால் யாருடையதோ றேடியோ ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். அம்மா குசினி வாசலில் சூடை மீன் உரசிக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் குந்தினேன். குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். பற்றறி, மா, பல்லால் கடித்த குண்டு, முரசில் கண்ட கோடு, டொக்டர் சொன்னது. அம்மா மீனை உரசுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு மீன் உரசினா.

"அப்ப இஞ்சி இல்லையோ?"

"இல்லையம்மா. இஞ்சியும் இல்லை, கிழங்கும் இல்லை."

"வடிவாத் தெரியுமோ உனக்கு?"

"ஓம்."

கத்தியைக் கீழே வைத்தா. செதிள் ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தா.

"அப்ப நீ இல்லை," என்றா.

அதற்குப் பிறகுதான் அழுதா. எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அத்தனை வருசமும் அம்மா என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறா. ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளை தெரியாமல் கொன்றது என்று நம்பியபடியே எனக்குத் தலை இழுத்துப் பின்னினா, சோறு போட்டா, சட்டை தைத்தா, படிக்க அனுப்பினா. அந்த நினைப்பு ஒரு நாளும் அவவின் கையில் தெரிந்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தா.

"அப்பாட்டச் சொல்லாத."

"ஏனம்மா? இவ்வளவு காலமும் உங்களைத்தானே..."

"எனக்கு இது பழகிட்டுது பிள்ள. அந்த மனுசனுக்கு இனிப் பழக ஏலாது."

"அவர் உங்களோட வடிவாக் கதைச்சு எத்தனை வருசம்?"

"கதைக்காட்டிலும் பறவாயில்லை. சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

சொன்னேன். அம்மா மீனைக் கழுவ எழும்பினா. முன்னால் றேடியோ கரகரத்து ஒரு பாட்டுப் பிடித்தது. அப்பா சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருசம்தான் இருந்தா. அவவுக்குப் பிறகு அப்பா கனகாலம் இருந்து, தொண்ணூறுகளில் போனார். மாமியும் இல்லை. இனி இதைக் கேட்டு நோகப்போகிறவர் ஒருவரும் இல்லை என்றபடியால்தான் எழுதுகிறேன். நீங்களாவது அறியவேணும்.

அம்மாவின் செத்தவீட்டில் உங்களில் இரண்டு பேர் நின்றீர்கள். ஆனால் இது உங்களுக்குக் கேட்டிருக்காது. பெட்டி மூட முந்தி மாமி பக்கத்தில் வந்து நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னா:

"நல்ல மனுசி. வாழ்க்கையில அந்த ஒரு பிழைதான்."

அப்பா பெட்டிக்கு அருகே கதிரையில் இருந்தார். தலையை ஆட்டினார். அம்மாவின் கையை ஒருக்கால் தொட்டார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் அவவைத் தொட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

"அவள் வேணுமெண்டு செய்யேல்லை," என்றார். "நான் அதை எப்பவோ மன்னிச்சிட்டன்."

நான் அம்மாவின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.